மருந்தை விரட்டும் ரத்தம்!

அண்ணனுக்குப் பலித்த மருந்து தம்பிக்குப் பலிக்காமல் போவது ஏன்?

காஞ்சிபுரம் பட்டுத் தறியைப் பார்த்திருக்கிறீர்களா? துளை போட்ட அட்டைகள் தறியின் மேலே வரிசையாகத் தொங்கும். எந்த நூல் எழும்ப வேண்டும் என்று சொல்பவை அந்தத் துளைகளே. ஒரு துளை மாறினால் புடவைக் கரையில் மயில் கோணலாக விழும். பல அட்டைகள் தொலைந்தால் மயிலே இராது!

நம் உடம்புக்கும் அப்படி அட்டைகள் உண்டு. அவையே மரபணுக்கள்.

உறையாத ரத்தம்

காயம் பட்டால் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். அதற்கு உதவும் பொருள்களில் ஒன்று ‘பாக்டர் 8’. அதற்கான மரபணு பழுதானால் வரும் நோய் ஹீமோபிலியா ‘ஏ’. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே இது தாக்கும். முழங்காலிலும் முழங்கையிலும் ரத்தம் கசிந்து வீங்கும்.

இல்லாத பாக்டரை ஊசி மூலம் ஏற்றினால் ரத்தம் நிற்கும். ஆனால் சிலருக்கு ஊசி போட்டும் நிற்பதில்லை!

காவல் படையின் தவறு

கிருமிகளை விரட்ட உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. பாக்டர் 8-ஐ அறியாத அந்தப் படை, ஊசியில் வந்த மருந்தைப் பகைவன் என்று நினைத்து அழிக்கிறது. இந்த எதிர்ப்புப் பொருளுக்கு ‘இன்ஹிபிட்டர்’ என்று பெயர். நோய் கடுமையாக உள்ளவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேருக்கு இது உண்டாகிறது.

மரபணுவில் சிறு பிழை இருந்தால், பாக்டர் அரைகுறையாகவாவது உருவாகும். காவல் படைக்கு அதன் முகம் தெரியும். மரபணுவின் பெரும்பகுதி அழிந்திருந்தால் முகமே தெரியாது. அப்போதுதான் ஆபத்து அதிகம்.

காஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 101 நோயாளிகளின் மரபணுப் பிழைகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டது.

அண்ணனும் தம்பியும்

ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் நோயுள்ள சகோதரர்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2001-ல் வந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு இன்ஹிபிட்டர் இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 48. இல்லாவிட்டால் 15.

ஆனாலும் ஒரே பிழையுள்ள சகோதரர்களில் ஒருவருக்கு வந்து, மற்றவருக்கு வராமலும் இருக்கிறது! காவல் படையை நடத்தும் மரபணுக்கள் வேறு. அவை இருவருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மும்பையில் உள்ள தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, இந்திய நோயாளிகளிடம் இந்த மரபணுக்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

வழக்கமான ஊசிக்கு ரத்தம் நிற்கவில்லையா? உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்ஹிபிட்டரைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மூத்தவனுக்கு அது இருந்தால், இளையவனுக்கு முதல் ஊசி போடும் முன்பே அதைச் சொல்லுங்கள். முதல் 50 முறை மருந்து ஏற்றும் காலத்தில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும்.

வந்துவிட்டாலும் வழி உண்டு. பாக்டர் 8 இல்லாமலே ரத்தத்தை உறையச் செய்யும் மருந்துகள் இருக்கின்றன. ‘எமிசிஸுமாப்’ என்ற ஊசியைத் தோலுக்கு அடியில் போடுகிறார்கள். இன்ஹிபிட்டர் அதைத் தடுப்பதில்லை.

இது தாயின் குற்றமும் அல்ல, பாவத்தின் பலனும் அல்ல. மருந்து பலிக்கவில்லை என்று மனம் உடைந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். மருந்தை மாற்றினால் பிள்ளை நடப்பான்!