கடலுக்கடியில் இடச் சண்டை!

அரியலூர்ப் பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அருகே, கல்லக்குடி சுண்ணாம்புப் பாறையில் அக்காலப் பவளங்கள் இன்றும் கல்லாகிக் கிடக்கின்றன.

பவளம் செடி அல்ல, பிராணி. ஒட்டிய இடத்தை விட்டு நகராது. ஆகவே, இடத்துக்குச் சண்டை! சில வகைகள் இரவில் நீண்ட இழைகளை வீசிப் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். வேறு சில, குடல் இழையை வெளியே நீட்டி, அண்டை வீட்டுக்காரனையே செரித்துவிடும்!

கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர், கொட்டும் வகையைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுவார்கள். படர்ந்தால் நறுக்குவார்கள்.

கடலில் யார் நறுக்குவது? 2008-ல் மன்னார் வளைகுடாவில், குருசடைத் தீவருகே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பாசி பவளத்தை மூடியிருந்தது தெரிந்தது. ஆட்கள் இறங்கிக் கையால் பிடுங்கினார்கள். பவளத்துக்கு இடம் கொடுத்தால்தான் மீனுக்கு வீடு!