கண்ணொளியைக் கெடுக்கும் இமை நோய்

கலவையை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவரைக் கண்டோம். திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய இமை மயிர்களைப் பேரன் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "உள்ளே குத்துகிறது, ஐயா" என்றார். ஆண்டுக்கணக்காக இதுவே வைத்தியமாம்.

டிரக்கோமா என்னும் தொற்று நோய் முதுமையில் காட்டும் கோலம் இதுவே. வேறு காரணங்களாலும் இமை மடிவதுண்டு; அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் கண் சிவந்து பீளை தள்ளும், ஆறும், மீண்டும் வரும். பன்முறை வந்தால் மேலிமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்குகிறது. உள்நோக்கித் திரும்பிய மயிர்கள் கருவிழியை ஓயாது உராய, அதில் வெண்மை படர்ந்து பார்வை மறைகிறது.

கை, துண்டு, தாயின் முந்தானை, ஈ ஆகியவை இக்கிருமியைச் சுமக்கின்றன. கண்ணில் மொய்க்கும் அந்த ஈ பெரும்பாலும் பெருகுவது திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தில். கழிப்பிடம் கட்டுவது கண்ணைக் காக்கும் பணியும் ஆகும் என்று நாம் கூறுவது இதனால்தான்.

நம் நாட்டில் 1963-இல் இந்நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெபும் துணை நின்றன. வடமேற்கு மாநிலங்களில் நோய் மிகுதி. நம் பக்கத்தில் குறைவு. 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியாவில் டிரக்கோமா ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. நேபாளம் 2018-லேயே அதை எய்திவிட்டது.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் போராட்டம் இன்னும் நடைபெறுகிறது. அங்கே அசித்ரோமைசின் என்னும் மருந்தைப் பைசர் நிறுவனம் நன்கொடையாக அளித்து வருகிறது. இதுவரை நூறு கோடி வேளைக்கு மேல். நோய் மிகுந்த பகுதியில் ஆண்டுக்கொரு முறை ஊர் முழுவதற்கும் கொடுக்கிறார்கள். சிறுவர்க்கு அளவுக்கோல் நிறுத்தி, உயரத்தைப் பார்த்தே மருந்தளவு நிர்ணயிக்கப்படுகிறது. எடை பார்க்கும் தொல்லை இல்லை, நல்ல உபாயம்!

நோயில்லாதவருக்கும் ஏன் மருந்து? ஒரு வயலுக்கு மருந்து தெளித்து, வரப்புக்கு அப்பால் உள்ளதை விட்டால் பூச்சி திரும்பாதா? அவ்வாறே விடுபட்ட வீட்டிலிருந்து கிருமி மீண்டும் புறப்படும். முகம் கழுவ நீரில்லாத ஊரில், இலவச மருந்து உண்ட பின்னரும் நோய் திரும்பியிருக்கிறது.

மூதாட்டியை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இமையை வெளிப்புறம் திருப்பும் அறுவை சிறியதே. எந்தெந்தத் திண்ணையில் இன்னும் சாமணம் இருக்கிறதென்பது பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கே தெரியும். அம்முதியோரையும் அழைத்து வர வேண்டுகிறோம்.