விரிசல் விட்ட வீடு: பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, வயலுக்கு மாறுவதா?

அரியலூர் வட்டாரத்தில் வெட்டும் சுண்ணாம்புக்கல் சிமென்டாகி ஊர் ஊராகப் போகிறது. அரசு சிமென்ட் ஆலை இங்கே 1979-ல் வந்தது. தனியார் ஆலைகளும் பல உள்ளன. ஆனால், அதே சிமென்டில் கட்டிய வீடுகள் அரியலூர், குன்னம், வேப்பூர், ஆலத்தூர் பகுதிக் கரிசலில் சில வருடங்களிலேயே சுவர் பிளந்து நிற்பதைப் பார்க்கலாம். சிமென்டில் குறை இல்லை. மண்ணுக்கு ஏற்ற அடித்தளம் போடாததுதான் குறை.

மக்காச்சோளமும் பருத்தியும் விற்றுக் கையில் பணம் புரளும் தை, மாசி மாதங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பழைய வீட்டைச் சரி செய்வதா, இடித்துவிட்டுக் கட்டுவதா, வயலிலேயே ஒரு வீடு போட்டுக்கொண்டு போய்விடுவதா? "வீட்டைக் கட்டிப்பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. முடிவெடுக்கும் முன் மண், விரிசல், பணம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

கரிசல் செய்யும் வேலை

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் உள்ளது. ஐப்பசி மழையில் அது நீரை உறிஞ்சி உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். பருத்திக் காட்டில் கோடையில் கை நுழையும் அளவுக்கு விழும் வெடிப்பு வீட்டுக்கு அடியிலும் விழுகிறது. இரண்டு, மூன்று அடி ஆழத்தில் போட்ட அடித்தளம் இப்படி ஏறி இறங்கும் மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் சுவர் பிளக்கிறது.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விளையும் செம்மண்ணில் இந்த ஆட்டம் இல்லை. அங்கே சுவர் பிளந்தால் காரணம் வேறாக இருக்கும்.

விரிசல் என்ன சொல்கிறது?

மேல்பூச்சில் மட்டும் நூல் போல ஓடும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு போல இறங்கும் விரிசல் அடித்தளம் அசைந்ததற்கு அடையாளம். அது 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தாலோ, கதவு நிலை சாய்ந்து கதவு சாத்த முடியாமல் போனாலோ பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

விரிசல் வளர்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. கோடையிலும் மழையிலும் விரிசலின் அகலத்தை அளந்து குறியுங்கள். காலத்துக்கு ஏற்ப அது விரிந்து சுருங்கினால் மண்தான் காரணம். அப்போது பூச்சு வேலைக்குக் கொட்டும் பணம் வீண்.

கான்கிரீட் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? இதற்கு ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. மழைக்கு முன்பே அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட வேண்டும். ஓட்டு வீடானால் பனஞ்சட்டங்களை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி பொதபொதவென்று இறங்கினால் கறையான் தின்றிருக்கிறது. சுவர் நல்லபடியாக இருந்தால், சட்டத்தை மட்டும் மாற்றி வீட்டைக் காப்பாற்றலாம்.

முதலில் தண்ணீர், பிறகு மரம்

பாத்திரம் கழுவும் தண்ணீரைச் சுவரோரத்து வாழைக்கு விடுவது நம் வழக்கம். கரிசலில் இதுவே வீட்டுக்குப் பகை. ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரமாக இருந்து உப்ப, எதிர் மூலை காய்ந்து இறங்கும். வாழையைப் பத்தடி தள்ளி வையுங்கள். வீட்டைச் சுற்றி நான்கடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரத்தில் விடுங்கள். பல வீடுகளில் இந்தச் செலவோடு விரிசல் வளர்வது குறைந்துவிடும்.

சுவரை ஒட்டிய வேம்பும் புளியும் கோடையில் அடிமண் ஈரத்தை இழுத்துவிடும். புதிதாக நடும் மரத்துக்கு, அது வளரக்கூடிய உயரத்தின் அளவு இடைவெளி விடுவது நல்லது. அதற்காக நின்ற பெரிய மரத்தை அவசரமாக வெட்டவும் வேண்டாம். அது குடித்துவந்த ஈரம் மண்ணில் தங்கி, தரை மேலே தூக்கும்.

இடித்துக் கட்டினால்

பழுது பார்க்கும் செலவு புதுவீட்டுச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துக் கட்டுவதை யோசிக்கலாம். ஆனால், அதே மண்ணில் அதே மாதிரி அடித்தளம் போட்டால் அதே விரிசல்தான் வரும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே 'அண்டர் ரீம்டு பைல்' முறையை உருவாக்கியது. சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். ஆட்டம் குறைந்த ஆழத்து மண்ணில் வீடு ஊன்றி நிற்கும். மாடி வைக்கும்போது மக்காச்சோளம் காயவைக்கும் களமாகவும் அதைத் திட்டமிடலாம். பழைய ஓடு, நிலை, கதவை விற்றுவிடாமல் மாட்டுக்கொட்டகைக்கோ வெங்காயப் பட்டறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

வயலுக்கு மாறினால்

இரவில் மோட்டார் போடவும் மாட்டைப் பார்க்கவும் வயல் வீடு வசதிதான். ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, பாதை, குடிநீர் ஆகியவற்றின் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. வீட்டு இணைப்பு தனியாக வாங்க வேண்டும். நிலம் கூட்டுப்பட்டாவில் இருந்தால், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பதிவு செய்த பிறகே கடைக்கால் எடுங்கள். கட்டட அனுமதிக்கு ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இடமும் கரிசல் என்றால் விரிசல் அங்கேயும் கூடவே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து?

குடிசையில் இருப்பவர்களுக்கு, 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கவும் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலையை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிர்க்கடனை மட்டும் செங்கல்லில் போடாதீர்கள். கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை. தவணை தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த போகத்துக்குக் கடன் கிடைப்பதும் சிக்கலாகும். புரட்டாசியில் விதைக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தை ஒதுக்கிவிட்டு மிஞ்சுவதே வீட்டுக்கான பணம்.

கூரை ஆபத்தாக இல்லாத வீட்டில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பொறுத்துப் பார்க்கலாம். இந்தச் சித்திரையில் கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள், சாக்கடையைத் திருப்புங்கள், கார்த்திகை முடிந்ததும் அளந்த குறிப்புகளை ஒப்பிடுங்கள். விரிசல் நின்றிருந்தால் பழுது பார்த்தால் போதும். நிற்காவிட்டால், அந்தக் குறிப்புகளோடு பொறியாளரைப் பாருங்கள்.