முதிய பூனையின் தாகம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருக்களிலும் கருவாட்டுக் கிடங்குகளிலும் பூனை இல்லாத இடம் அரிது. எலிகளைத் தொலைக்கும் பொருட்டு வியாபாரிகள் அதனை விருப்பத்துடன் வளர்க்கின்றனர். ஆனால் அது 10, 12 வயதைக் கடந்து, எலி பிடிக்கும் சக்தி குன்றி, ஓயாமல் தண்ணீர் குடித்துக் கண்ட இடத்தையெல்லாம் நனைக்கத் தொடங்கியதும் அந்த விருப்பம் எங்கே போய்விடுகிறது? தண்ணீரைக் குறைத்தால் தரை நனையாது என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மீன் இறங்கும் துறையில் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று கோணியில் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இவ்விரண்டும் அந்த ஜீவனைக் கொல்வதற்குச் சமானமாகும் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையாகும். வறண்ட பூமியில் இரையின் ஈரத்தைக்கொண்டே பெரும்பாலும் ஜீவித்த இனம் அது. ஆகையால் சிறுநீரைச் சுண்டச் செய்து நீரை மிச்சம் பிடிக்கும் திறமை அதன் சிறுநீரகத்துக்கு, அதாவது நாட்டு வழக்கில் குண்டிக்காய் எனப்படும் அவயவத்துக்கு, விசேஷமாக அமைந்திருக்கிறது. முதுமையில் இவ்வவயவத்தின் வடிகட்டிகள் சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் உண்டாவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததும் நீரைத் தேக்கும் சக்தி போய்விடுகிறது. பூனை அதிகம் குடிப்பதனால் நீர் ஒழுகுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையிலோ நீர் ஒழுகுவதனால்தான் அது குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் ஒழுக்கு நிற்காது, உடம்புதான் வற்றும்.

உடல் இளைத்தல், மயிர் பொலிவிழத்தல், வாந்தி, வாய் நாற்றம் ஆகியவை பின்தொடரும் குறிகள். நீரிழிவும் கழுத்துச் சுரப்பியின் கோளாறும் இதே தாகத்தை உண்டாக்கக் கூடுமாதலால், இரத்தத்தையும் சிறுநீரையும் பரீட்சிக்காமல் நோயைத் தீர்மானிப்பது தகாது. கிரியேட்டினின் என்னும் கழிவு இரத்தத்தில் ஏறித் தெரியும்போது சிறுநீரகத்தின் முக்கால் பங்கு சக்தி போயிருக்கும். 2015 முதல் வழக்கத்துக்கு வந்துள்ள எஸ்.டி.எம்.ஏ. என்ற பரீட்சை அதற்கு முன்னரே எச்சரிக்கும்.

இனி உணவு. உப்பளங்கள் சூழ்ந்த நம் ஊரில் கருவாட்டுத் தலையும் முள்ளுமே பூனையின் பங்காகின்றன. நோயுற்ற பூனைக்கு இதைவிடக் கெடுதலான உணவு வேறில்லை எனலாம். உப்பு ஒருபுறமிருக்க, முள்ளிலும் தலையிலும் நிறைந்துள்ள பாஸ்பரஸைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது. அது தேங்கத் தேங்க நோய் விரைந்து முற்றும். முள் நீக்கி, உப்பிடாமல் வேகவைத்த மீனோ கோழியோ சாற்றுடன் கொடுப்பது அதனினும் நன்று. பாஸ்பரஸ் குறைத்துத் தயாரிக்கப்படும் சிகிச்சை உணவு வாங்க வசதியுள்ளவர்கள் அதனையே கொடுக்கலாம். அதற்காக ஊனையே நிறுத்தித் தயிர்ச்சோற்றில் வைத்துவிடுவதும் பிழை. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி.

பிராணி முனகுகிறதே என்று இரங்கி வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுப்பவர்களை நாம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்: வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். டைக்ளோபினாக் மருந்து ஏற்றிய மாடுகளின் பிணங்களைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டு, இத்தேசத்தின் வானமே வெறிச்சோடியது. 2006ல் சர்க்கார் கால்நடைகளுக்கு அதைத் தடுத்ததும் அதனால்தான்.

வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணங்களில் தண்ணீர் வைக்கவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு வேளையும் வற்றலாகாது. நோய் முற்றியபின் தோலுக்கடியில் ஊசிமூலம் திரவம் ஏற்றும் முறையை வைத்தியரிடம் கற்று வீட்டிலேயே செய்வோர் பலர். திடீரென்று கண் தெரியாமல் பூனை சுவரில் மோதினால் இரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று அறிந்து அன்றைக்கே ஓடவேண்டும். இவற்றால் நோய் தீர்ந்துவிடாது. ஆனால் தக்க காலத்தில் கண்டால் மாதங்கள் மட்டுமன்று, சில வருஷங்களும் அது சுகமாய் ஜீவிக்கலாம். உணவு முற்றிலும் ஒழிந்து, தலை தூக்கவும் மாட்டாத நிலையில், நோவின்றி உயிரை முடித்துவைக்கும்படி வைத்தியரிடம் கேட்பது பாபமாகாது என்பதே நம் அபிப்பிராயம். மீன் துறையில் நாய்களிடை விடுவதன்றோ பாபம்!

ஜப்பானில் இந்நோய்க்கு மருந்து தேடும் மியாஸாக்கி என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு 2021ல் பூனை வளர்ப்போர் திரண்டு பொருள் அனுப்பினர். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆடுமாடுகளுக்கென்றே பெரும்பாலும் ஏற்பட்ட சர்க்கார் கால்நடை மருத்துவமனைகளில், மாதத்தில் ஒரு நாளேனும் முதிய வீட்டுப் பிராணிகளின் இரத்தப் பரீட்சைக்கென ஒதுக்கும்படி கேட்கிறோம். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள மாணவர்களை அந்நாளில் தூத்துக்குடிக்கு அனுப்பினால் அவர்களுக்கும் பயிற்சி கிடைக்கும். இரத்தம் எடுக்கச் சில நிமிஷங்களே பிடிக்கும். பூனையைக் கொண்டுவரக் கோணி வேண்டாம், காற்றுப் புகும் கூடையே போதும்.