கடல்கோளும் எச்சரிக்கைச் சொல்லும்

நிலநடுக்கம், எரிமலை வெடிப்பு, அவற்றின் விளைவாக எழும் ஆழிப்பேரலை ஆகியவை மக்கள் நெருங்கி வாழும் கடற்கரையைத் தாக்குங்கால், முதல் அறிகுறி தோன்றுதற்கும் அலை கரையை அடைதற்கும் இடையே சிறிது காலம் உண்டு. அது சில மணித்துளிகளாகவும் இருக்கலாம். இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம். அவ்விடைக்காலத்தில் மக்களைக் காப்பன கருவிகள் மட்டும் அல்ல. அவர்கள் நாவில் வழங்கும் சொல்லும் காக்கும். இக்கருத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சுமோங் என்னும் சொல்

சுமத்திராவின் மேற்கே, ஆச்சேப் பகுதியைச் சார்ந்து, சிமேலுவே என்னும் தீவு உள்ளது. 1907 சனவரி 4ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அத்தீவில் பேரழிவை விளைத்தன. எஞ்சிய மக்கள் அவ்வலையைத் தம் மொழியில் 'சுமோங்' என வழங்கினர். அச்சொல்லைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது. முதியோர் சிறார்க்குக் கதை கூறும் 'நாஃபி' மரபிலும், 'நந்தோங்' என்னும் பாட்டு மரபிலும் அது இடம்பெற்றது. நிலம் கடுமையாக நடுங்கிப் பின் கடல் உள்வாங்குமாயின், உடனே மேட்டு நிலத்திற்கு ஓடுக என்பதே அதன் சாரம்.

2004 திசம்பர் 26 அன்று சுமத்திராக் கரைக்கு அப்பால் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. சிமேலுவேயின் வடமுனையில் அலை ஏறத்தாழ எட்டு மணித்துளிகளில் கரையை அடைந்தது. எந்த எச்சரிக்கை நிலையமும் அதற்குள் செய்தி அனுப்பியிருத்தல் இயலாது. எனினும் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவரே. அணித்தேயுள்ள ஆச்சேயின் பெருநிலக் கரையிலோ ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்; அங்கு அச்சொல் வழங்கவில்லை. ஊர்களுக்கு அருகே குன்றுகள் இருந்தமையும் தீவினர்க்குத் துணை செய்தது உண்மையே. ஆயினும் குன்று இருத்தல் வேறு; குன்றை நோக்கி ஓடவேண்டும் என்று அறிந்திருத்தல் வேறு.

'சுமோங்' என ஒருவர் கூவிய அளவில், அறிகுறி, வரவிருக்கும் கேடு, செய்யவேண்டிய செயல் ஆகிய மூன்றும் கேட்போர்க்கு விளங்கின. ஒரு சொல்லே ஒரு கட்டளையாக நின்றது எனலாம்.

2. கடல்கோள் என்னும் சொல்

கடற்பேரழிவை நினைவிற்கொண்ட இலக்கியம் தமிழிலும் உண்டு. முதற்சங்கம் இருந்த மதுரையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரமும் கடலாற் கொள்ளப்பட்டன என்று இறையனார் களவியலுரை கூறும். பஃறுளி முதலாகக் குமரி வரை மறைந்த நிலத்தை அடியார்க்கு நல்லார் விரிப்பர். இந்திரவிழாவை மறந்தமையால் புகார் கடல்வயப்பட்டது என மணிமேகலை மொழியும். இவற்றின் வரலாற்று உண்மை ஈண்டு நம் ஆய்வுப்பொருள் அன்று. இவை எதனை நினைவுகூர்கின்றன என்பதே வினா.

கோள் என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கடல்கோள் என்றவழி, கடல் கொண்டு முடிந்த நிலையே முன்னிற்கிறது. நிலமும் நகரும் நூலும் இழந்த இழப்பை அச்சொல் செவ்வனே உணர்த்தும். அதன் காரணம் தெய்வச் சினமாகவும் காட்டப்படும். ஆயின் கடல் வருமுன் எது தோன்றும், தோன்றினால் யாது செய்வது என்பவற்றை அச்சொல் உணர்த்தாது. சுமோங் தப்பியோர் தம் வழித்தோன்றல்கட்கு வைத்த சொல். கடல்கோளோ இழப்பை எண்ணி இரங்குவோர் சொல்.

பின்னர் வந்த 'ஆழிப்பேரலை' என்பதும் ஒருவகையில் மயக்கம் தருவதே. ஆழ்கடலில் அவ்வலையின் உயரம் மிகக் குறைவு. கரையிலும் பல இடங்களில் அது வளைந்தெழும் அலையாக அன்றி, விரைந்து பெருகும் வெள்ளமாகவே வரும். உயர்ந்த அலையை எதிர்நோக்கி நிற்பவர் அவ்வெள்ளத்தை அறியாது போகலாம். 2004க்குப் பின் பெருவழக்காகிய 'சுனாமி' என்னும் சப்பானியச் சொல்லும், சுனாமிக் குடியிருப்பு, சுனாமி நிவாரணம் எனப் பேரழிவின் பின்னிகழ்வுகட்கே மிகுதியும் அடையாகி நிற்கிறது.

3. கரைதோறும் வேறுபடும் அறிகுறி

அங்ஙனமாயின் சுமோங் கதையைத் தமிழாக்கிப் பரப்பினால் போதாதோ எனின், போதாது. 2004இல் கடற்றளம் பிளவுண்ட பகுதிக்குக் கிழக்கே முதற்கண் நீர் உள்வாங்கியது. மேற்கே இருந்த தமிழகக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் முதலில் வந்தது ஏறுநீரே. உள்வாங்கல் பின்னரே நிகழ்ந்தது. தமிழகத்தில் உணரப்பட்ட நடுக்கமும் மெல்லியதே. எனவே சிமேலுவேயினர் போற்றிய இரு அறிகுறிகளும் நாகைக் கரையினர்க்கு உரிய காலத்தில் கிட்டியிரா. அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்துணைக்கும் நிலநடுக்கத்திற்கும் அலை வருகைக்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது; அதனைப் பயன்படுத்தும் வழியே அன்று இல்லை. 2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

எரிமலையால் எழும் அலையின் இயல்பு பிறிதொன்று. சாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட சுண்டா நீரிணையில், 1883 ஆகசுடு 27 அன்று கிரகடோவா வெடித்தபோது 36,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, அலையே. அவ்விடத்தே பின் தோன்றிய அனாக் கிரகடோவாவின் ஒரு புறம் 2018 திசம்பர் 22 இரவு கடலுள் சரிந்தது. கரையினர் பெருநடுக்கம் எதனையும் உணர்ந்திலர். நிலநடுக்கத்தை அடிப்படையாகக் கொண்ட எச்சரிக்கை அமைப்பும் முன்னறிவிப்புத் தரவில்லை. நானூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே நடுக்கம் இன்மையே காவல் என்று கொள்ளுதலும் பிழையாம்.

4. நம் கடமை

இவற்றால் பெறப்படுவன இரண்டு. எச்சரிக்கை மரபு மக்கள் வாய்மொழியில் வாழ்ந்தாலன்றிப் பயன்படாது. அம்மரபு அவ்வக் கரையின் இயல்புக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். தமிழகக் கரைக்குரிய மரபு ஒன்று அமையுமாயின் அது கூறவேண்டுவன இவை: நடுக்கம் மெல்லியதாயினும் நெடிதாயின் ஐயுறுக, கடல் உள்வாங்காமலும் ஏறும், முதல் அலையே இறுதி அலை அன்று, அறிவிப்பு வந்தவுடன் உள்நாடு செல்க, இயலாவிடின் உறுதியான மாடியில் ஏறுக, திரும்பலாம் என்று கூறும்வரை திரும்பற்க. குன்றில்லாச் சமவெளிக் கரைக்கு இவ்விறுதிக் கூறுகள் சிறப்பாக உரியன.

2004இல் தப்பியோர் பலர் இன்றும் நம்மிடையே உளர். அதன்பின் பிறந்தோரோ வளர்ந்து பெரியவராகிவிட்டனர். முன்னவர் கண்டவற்றைப் பின்னவர் அறியும் வாயில் நாள்தோறும் குறுகி வருகிறது. ஒப்பாரியும் அம்பாப்பாட்டும் தொகுத்த நாட்டுப்புறவியல் ஆய்வாளர், கடற்கரை ஊர்தோறும் சென்று, அன்று கடல் எவ்வாறு வந்தது, யார் எவ்வழி தப்பினர் என்பவற்றை அம்மக்களின் சொல்லாலேயே தொகுத்தல் வேண்டும். தொகுத்தவற்றை அவ்வூர்ப் பள்ளிச் சிறார்க்கு மீள அளித்தல் வேண்டும். மறைந்த நூல்கட்கு இரங்கும் நாம், வாழும் மக்களைக் காக்கும் ஒரு சொல்லைத் தமிழுக்கு ஆக்கித் தருதல் தகும்.