படி சொல்லாத எடை

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் கேழ்வரகையும் சாமையையும் படியாலும் வள்ளத்தாலும் அளந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் படி காட்டுவது பாத்திரத்தின் கொள்ளளவை மட்டுமே. அதற்குள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

ஒரே படியில் தண்ணீரும் தானியமும் மாவும் வெவ்வேறு எடை காட்டும். சலித்த மாவில் காற்று நிறைந்திருக்கும். அமுக்கி நிரப்பினால் அதே படியில் கூடுதல் மாவு போகும். தலைதட்டி அளந்தால் ஓர் எடை, கோபுரமாகக் குவித்தால் வேறு எடை.

யாருக்கு இழப்பு?

விற்கும் உழவரிடம் குவித்து வாங்கி, வாங்கும் ஏழையிடம் தலைதட்டிக் கொடுத்தால் இருவருக்குமே நட்டம். படிக்கு 50 கிராம் கூடுதலாகப் போனால் 100 படியில் 5 கிலோ போய்விடும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கேழ்வரகு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்தக் கணக்கில் 5 கிலோவுக்குச் சுமார் 244 ரூபாய் கைநழுவுகிறது.

கேழ்வரகு மாவு பாக்கெட் போடும் மகளிர் குழுக்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பாக்கெட்டில் நிகர எடையை அச்சிட வேண்டும். டம்ளரால் அளந்து நிரப்பினால் எடை குறைந்து, பழி குழுவின் மேல் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி கிலோகிராம், லிட்டர் போன்ற மெட்ரிக் அலகுகளே செல்லும். படி, வள்ளம், மரக்கால் ஆகியவை அதில் இல்லை. கடையின் மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறையும் எடைக்கற்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதித்து முத்திரையிட வேண்டும்.

எண்ணெயிலும் கவனம் தேவை. சூட்டில் எண்ணெய் விரியும். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். அதனால்தான் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் சரியான எடையையும் அச்சிடும்படி 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பாக்கெட்டில் லிட்டரோடு கிராமையும் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வீட்டுப் படியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்புங்கள். 1 கிலோ காட்டினால் அது 1 லிட்டர் படி. பிறகு அதே படியில் கேழ்வரகு, சாமை, மாவு ஆகியவற்றைத் தலைதட்டி நிறுத்து, எடைகளைச் சமையலறையில் எழுதி ஒட்டுங்கள்.

• விற்றாலும் வாங்கினாலும் கிலோவில் விலை பேசுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பையின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள்.

• எடை குறைந்தால் தருமபுரி தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

• இழப்பீடு கோரி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விளைவித்த தானியம் இது. அதன் ஒவ்வொரு கிராமுக்கும் விலை உண்டு. அடுத்த சந்தையில் "படி என்ன விலை?" என்று கேட்காதீர்கள், "கிலோ என்ன விலை?" என்று கேளுங்கள்.