அயல்நாட்டுக் கணினியும் ஜப்பானிய எழுத்தும்

ஜப்பானில் செய்யப்பட்ட வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் நம்மில் அறியாதார் இலர். தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து வீடுகளிலும் அவை நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளன. உலகுக்கெல்லாம் மின்பொருள் விற்ற அந்நாட்டிற்குள் அயல்நாட்டுக் கணினி நுழைந்து மக்கள் மனத்தைக் கவர்ந்த வரலாறு சுவை மிக்கது. தாய்மொழிப் பற்றுடையோர்க்குப் படிப்பினை தருவதும் ஆகும். அதனை ஈண்டுக் காண்போம்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் அதேவகைக் கணினிகளைச் செய்து விற்றன. ஒன்றில் இயங்கும் மென்பொருள் மற்றொன்றிலும் இயங்கியதால் அவை பல நாடுகளில் விரைந்து பரவின. ஆனால், ஜப்பானில் மட்டும் அவற்றை வாங்குவார் மிகச் சிலரே. காரணம் என்ன? எழுத்தே காரணம்.

ஆங்கிலத்திற்கு எழுத்துகள் 26. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை சேர்த்தாலும் 52 வடிவங்களே. ஜப்பானியரோ ஹிரகனா, கத்தகனா என்னும் இருவகை ஒலியெழுத்துகளோடு, சீனரிடமிருந்து பெற்ற கான்ஜி எழுத்துகளையும் கலந்து எழுதுவர். 1978இல் வகுக்கப்பட்ட ஜப்பானியத் தரப்பட்டியலில் கான்ஜி எழுத்துகள் மட்டும் 6,000க்கு மேற்பட்டவை.

மாணவர்களே, வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கணினியும் அவ்வாறே புள்ளிகளைக் கொண்டு திரையில் எழுத்தை வரைகிறது. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு 8 வரிசையில் 8 புள்ளிகள், அதாவது 64 புள்ளிகள் போதும். கோடுகள் நிறைந்த கான்ஜி எழுத்திற்கோ 16 வரிசையில் 16 புள்ளிகளாவது வேண்டும். ஆக 256 புள்ளிகள். அவற்றை நினைவில் வைக்க 32 பைட்டு இடம் தேவை. 6,000 எழுத்துகளுக்கு 192,000 பைட்டு ஆகிறது. அக்காலத்துச் சிறு கணினிகள் பலவற்றின் நினைவகம் முழுவதுமே 65,536 பைட்டுதான்! எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்கிற்கே அதில் இடம் காணும்.

இவ்விடரை ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வேறு வழியில் தீர்த்தது. 1982இல் அது பி.சி.-9801 கணினியை வெளியிட்டது. இவ்வரிசைக் கணினிகளில் கான்ஜி வடிவங்கள் தனிச் சில்லுகளில் பதிக்கப்பட்டன. மக்கள் விரும்பி வாங்கினர். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானியச் சந்தையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்வரிசைக்கே உரியதாயிற்று. எழுத்து ஒரு மதிலாக நின்று உள்நாட்டுத் தொழிலைக் காத்தது. எனினும், வெளிப்போட்டி இன்மையால் விலை எளிதில் இறங்கவில்லை. உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் தனித்தனி முறையைக் கையாண்டதால், ஒன்றின் மென்பொருள் பெரும்பாலும் மற்றொன்றில் இயங்கவும் இல்லை. மதிலின் பயனையும் சுமையையும் மக்கள் ஒருங்கே ஏற்றனர்.

1990இல் ஜப்பானிய ஐ.பி.எம். நிறுவனம் டாஸ்/வி என்னும் இயக்க மென்பொருளைக் கொண்டுவந்தது. இதற்குத் தனிச் சில்லு தேவையில்லை. எழுத்து வடிவங்கள் வட்டில் இருக்கும். கணினி அவற்றை நினைவகத்தில் ஏற்றி, 640க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில் வரைந்துவிடும். நினைவகம் மலிவாகி, கணினியின் வேகமும் கூடியிருந்ததால் இது கைகூடிற்று. உலகெங்கும் விற்கப்படும் சாதாரணக் கணினியே ஜப்பானிய மொழியை எழுதத் தொடங்கிற்று.

1992 அக்டோபரில் அமெரிக்காவின் காம்பேக் நிறுவனம் 128,000 யென் விலையில் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்நாட்டுக் கணினிகளின் விலையில் இஃது ஏறக்குறையப் பாதியே. வணிக உலகம் இதனைக் ‘காம்பேக் அதிர்ச்சி’ என்றே அழைத்தது. மறு ஆண்டில் டெல் நிறுவனமும் ஜப்பானில் கால்பதித்தது, என்.இ.சி.யும் விலையைக் குறைத்தது. 1995 நவம்பர் 23இல் விண்டோஸ் 95இன் ஜப்பானியப் பதிப்பு வெளிவந்தபொழுது, தோக்கியோவின் அகிஹபாரா கடைத்தெருவில் நள்ளிரவிலும் மக்கள் திரண்டனர். 1997இல் என்.இ.சி. நிறுவனமே உலகப் பொதுமுறைக் கணினிக்கு மாறிற்று.

இதனால் நாம் அறிவது யாது? விலை மலிவு என்பதற்காக ஜப்பானியர் தம் எழுத்தைக் கைவிட்டாரில்லை. பொருள்தான் அவர்தம் எழுத்தைக் கற்றுக்கொண்டு அவர்களை நாடி வந்தது. தம் மொழியிலேயே எழுதுவோம், படிப்போம், கணக்கு வைப்போம் என்று வாங்குவோர் உறுதியாக நின்றால், விற்போர் இணங்கியே தீர்வர்.

தமிழுக்கும் இவ்வாறு உழைத்தோர் உளர். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலக எழுத்துத் தரத்தின் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அவர்கள் வழி அமைத்தனர். அவ்வழியே நடப்பது நம் கடமை. நடப்பார் இல்லாத பாதையில் புல் முளைத்துவிடும்.

எனவே பெற்றோர்களே, அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்தில் பிள்ளைகளுக்குக் கணினியோ கைப்பேசியோ வாங்கித் தரும்பொழுது, அதில் தமிழ் விசைப்பலகையையும் அமைத்துக் கொடுங்கள். மாணவர்களே, பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எழுதும் முதற்கடிதத்தை அதில் தமிழிலேயே எழுதுங்கள். பொறி எந்நாட்டினதாயினும், அதில் ஒளிரும் எழுத்து நம்முடையதாகட்டும்!